பேட்டைக்கு ஒரு பாட்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜனவரியில் அப்பாவை அழைத்துக்கொண்டு சென்னை வருகிறேன். வானொலியில் கச்சேரி கேட்டே வளர்ந்தவர் அவர். ஆட்டோவுக்கு அதிகம் செலவழிக்காமல், ஒரே நாளில் இசை சம்பந்தமான இடங்களைக் காட்ட வழி இருக்கிறதா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

இருக்கிறது. கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் ஏறுங்கள். சென்னையின் சங்கீத வரலாற்றில் பாதி அந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. வடக்கே தொடங்கித் தெற்கே போங்கள். பாட்டு இந்த ஊரில் நகர்ந்ததும் அந்தத் திசையில்தான்.

முதலில் பாரிமுனை. கடற்கரை நிலையத்திலோ கோட்டை நிலையத்திலோ இறங்கி ராஜா அண்ணாமலை மன்றத்துக்கு நடந்துவிடலாம். தமிழிசைச் சங்கத்தின் வீடு அது. என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சங்கத்தின் இசை விழா நடக்கும்போது ராயபுரத்திலிருந்து என்னை அங்கே கூட்டிப்போவார். தேவாரத்தைக் கோயிலுக்கு வெளியே, மேடையில் நான் முதலில் கேட்டது அங்கேதான்.

அடுத்து பூங்கா நகர். சென்ட்ரல் பக்கம் சிவப்புக் கட்டடமாக நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலை வெளியிலிருந்து பாருங்கள். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து, நம்பெருமாள் செட்டி கட்டியது. 1880களின் பிற்பகுதியில் எழுந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. வக்கீல்களும் படித்தவர்களும் வேஷம் கட்டுவது கௌரவக் குறைவு என்று நினைத்த காலத்தில், வக்கீலான அவரே மேடை ஏறினார்.

திருவல்லிக்கேணியில் இறங்கினால் பார்த்தசாரதி கோயில். அந்தப் பேட்டையில் பிறந்த ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900இல் தொடங்கியது, நகரத்தின் மிகப் பழைய சபா. அதற்கு அடுத்த நிறுத்தமான கலங்கரை விளக்கத்தில் அப்பாவைக் கட்டாயம் இறக்குங்கள். காமராஜர் சாலையில் அகில இந்திய வானொலி நிலையம் இருக்கிறது. சென்னை வானொலி 1938 ஜூன் 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. கடற்கரையோரக் கட்டடத்துக்கு 1954இல் வந்தது. உள்ளே விடமாட்டார்கள், பரவாயில்லை. தன் வீட்டுக் கூடத்தில் கேட்ட குரல்கள் எல்லாம் எந்த வாசல் வழியாக உள்ளே போயின என்று அவர் பார்க்கட்டும்.

பிறகு திருமயிலை. கபாலீஸ்வரர் கோயிலின் நான்கு மாட வீதிகளையும் மெதுவாகச் சுற்றுங்கள். பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் பஜனை பாடிக்கொண்டு சுற்றிய வீதிகள் அவை. பெரிய வித்வான்கள் அவர் பின்னால் தெருவில் நடந்து பாடியிருக்கிறார்கள். நீங்கள் வருவது மார்கழிக்குள் என்றால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், மாட வீதியில் பஜனை இன்றும் உண்டு. சுந்தரேஸ்வரர் தெருவில் 1929இல் பிறந்த ரசிக ரஞ்சனி சபாவும் பக்கத்திலேயே இருக்கிறது.

கடைசியாகப் பசுமைவழிச் சாலை. அடையாற்றங்கரையில் பிராடி என்ற கம்பெனி அதிகாரி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிக்கொண்ட மாளிகையில் இப்போது அரசு இசைக் கல்லூரி நடக்கிறது. 1949இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். வகுப்பு நேரத்தில் போனால் ஓர் அறையில் வீணை, அடுத்த அறையில் தவில் என்று காதில் விழும்.

ஒரு எச்சரிக்கை. பறக்கும் ரயில் நிலையங்களில் படிகள் அதிகம். அப்பாவுக்கு மூட்டுவலி என்றால் பாரிமுனை, கலங்கரை விளக்கம், திருமயிலை என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


கேள்வி: சங்கீதம் என்றால் மயிலாப்பூர், தி.நகர் என்றே எழுதுகிறார்கள். எங்கள் வடசென்னையில் பாட்டே இல்லையா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

நான் ராயபுரத்துப் பெண். இந்தக் கேள்வி எனக்கும் வெகுநாளாக நெஞ்சில் இருப்பது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்னையின் கர்நாடக சங்கீதம் வடக்கில்தான் வளர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் தன் தந்தை ராமசுவாமி தீட்சிதரோடு மணலியில் வாழ்ந்தார். மணலி முதலியார் குடும்பம் அவர்களை ஆதரித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புள்ள குடும்பம் அது என்பதால் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அந்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் சம்ஸ்கிருத சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். இன்று குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாட்டுகளில் அவையும் உண்டு. ‘சந்ததம் பாஹிமாம்’ என்பதைப் பாடிப் பாருங்கள், இங்கிலாந்து மன்னருக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டு அப்படியே இருக்கும். அவருடைய தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரி உண்டா? அந்தக் கதையின் முதல் பக்கம் உங்கள் மணலியில் இருக்கிறது.

தியாகராஜர் பட்டணம் வந்தபோது தங்கியது பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில். அவருடைய சீடர் வீணை குப்பையர் முத்தியாலுப்பேட்டையில் வாழ்ந்தவர். திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மேல் தியாகராஜர் பாடிய பஞ்சரத்தினம் என்ற ஐந்து பாட்டுகள் இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கின்றன. அந்த அம்மன் சன்னதிக்கு இப்போது மெட்ரோ ரயிலிலேயே போகலாம்.

அப்புறம் வீணை தனம்மாள். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெருவில் இருந்தது அவர் வீடு. வெள்ளிக்கிழமை மாலை அங்கே வாசிப்பார். அவர் விரலுக்கு மீட்டுகோல் கிடையாது, ஒலி மெல்லியதாக வரும். ஆகவே வந்தவர்கள் இருமக்கூட அஞ்சி உட்கார்ந்திருப்பார்களாம். வித்வான்களே பாடம் கேட்க வந்த வீடு அது. பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி எல்லாரும் அந்த அம்மாவின் பேத்திகள். ஒரு நகரத்தின் நல்ல பாட்டுக்கும் நல்ல ஆட்டத்துக்கும் இவ்வளவு கொடுத்த வீடு வேறு ஒன்று எனக்குத் தெரியாது.

வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடை கொட்டகை இருந்தது. நாடகக் கம்பெனிகள் வந்து மாதக்கணக்கில் முகாம் போட்டு விடிய விடிய ஆடிய இடம். தங்கசாலைத் தெருவில் ஹரிகதையும் பஜனையும் நடந்தன. வக்கீல்களும் உயர் அதிகாரிகளும் மயிலாப்பூர்ப் பக்கம் குடியேறிய பிறகுதான் சபாக்களும் பின்னாலேயே போயின. மியூசிக் அகாடமிகூட 1928இல் எஸ்பிளனேடில், ஒய்.எம்.சி.ஏ. அரங்கில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இப்போதுள்ள சொந்த அரங்கு 1962இல் வந்தது.

சபா போன பிறகு வடக்கு ஊமையாகவில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், காசிமேடு என்று கானா வளர்ந்தது. சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்து, இறந்தவரின் பெயரையும் தொழிலையும் வைத்துக் கட்டிப் பாடுவது மரண கானா. கையில் கிடைத்ததில் தாளம் போடுவார்கள். பெட்டியோ, சட்டியோ, டேப் என்ற தோல் வாத்தியமோ. எழுதி வைத்துப் பாடுவதில்லை, அந்த இடத்திலேயே கட்டுவார்கள். ராகம் பாடுகிறவரின் மனோதர்மத்தை, அந்தக் கணத்துக் கற்பனையை, புகழ்கிற நாம் இதற்கும் தலைவணங்க வேண்டும். கானா பாலா போன்றவர்கள் சினிமாவில் பாடியதால் ஊர் முழுக்கத் தெரிந்தது, ஆனால் அதன் உயிர் தெருவில்தான்.

2017இல் உருவான தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவை ராப், ராக் இசையோடு சேர்த்து 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரியை நடத்தியது. 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ என்று ஒரு விழாவும் நடக்கிறது. பறையும் கானாவும் ஒப்பாரியும் மார்கழி மேடையில் உட்கார்ந்துவிட்டன. 2017இல்தான் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரமாக அறிவித்தது. அந்தப் பட்டத்தில் அகாடமிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு புளியந்தோப்புக்கும் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.


கேள்வி: சங்கீத சீசன் ஏன் டிசம்பரில் நடக்கிறது? மார்கழி மாதம் என்பதாலா?
– ஒரு மாணவர், திருச்சி

மார்கழி பஜனை கோயில்களில் முன்பே இருந்தது. சபாக்களின் சீசனுக்குக் காரணம் காங்கிரஸ் மகாநாடு. அந்தக் காலத்தில் காங்கிரஸ் மகாசபை கிறிஸ்துமஸ் வாரத்தில் கூடும். 1927இல் சென்னையில் கூடியபோது அதோடு சேர்த்து அகில இந்திய இசை மாநாடு ஒன்றையும் நடத்தினார்கள். அதன் விளைவாக அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. கோர்ட்டுக்கும் அலுவலகத்துக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை, மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் கொல்லாது. ரசிகர்களுக்கும் வித்வான்களுக்கும் வசதியாக இருந்ததால் டிசம்பரே நிலைத்துவிட்டது.


கேள்வி: டிக்கெட் வாங்க வசதி இல்லாதவர்கள் சீசனில் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்

நிறையக் கேட்கலாம். பல சபாக்களில் காலையும் மதியமும் நடக்கும் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. அகாடமியில் காலையில் நடக்கும் விளக்க உரைகளுக்கும் யார் வேண்டுமானாலும் போகலாம். மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபம் உங்கள் ரயில் பாதையிலேயே இருக்கிறது, அங்கே கதவு எப்போதும் திறந்திருக்கும்.

மதியக் கச்சேரியை ஏழைகளுக்கான மிச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய நட்சத்திரங்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அந்த மதிய மேடையில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடியவர்கள்தான். இளம் பாடகர் ஒருவர் ஒரு ராகத்துக்குள் தானே வழி கண்டுபிடிப்பதைக் கேட்பது பெரிய பாக்கியம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகாதீர்கள். மிருதங்கக்காரரும் கடக்காரரும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள்.


கேள்வி: நான் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர். மாணவர்களைச் சென்னைக்கு அழைத்து வருகிறேன். ஓவியம், சிற்பம் பார்க்க எங்கெல்லாம் போகலாம்?
– ஓர் ஆசிரியர், சேலம்

உங்களைப் போன்ற ஆசிரியர்கள் இருப்பது எவ்வளவு நல்ல விஷயம். முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை.

எழும்பூரிலிருந்து தொடங்குங்கள். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. பிள்ளைகளை நேராக வெண்கலக் கூடத்துக்கு அழைத்துப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் அவர்களைத் தரையில் உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். பாரிஸில் இருந்த ரோதின் என்ற மாபெரும் சிற்பி இந்த அருங்காட்சியகத்து நடராஜர்களின் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டே மனம் உருகி எழுதினார். நம் பிள்ளைகளுக்கோ நேரிலேயே பார்க்கக் கிடைக்கிறது. திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரையும் தவறவிடாதீர்கள். ஒரு தோள் ஆணுடையது, ஒரு இடுப்பு பெண்ணுடையது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடுகூடத் துருத்தவில்லை. உடற்கூறு சொல்லித்தர இதைவிடப் பாடம் கிடையாது. அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களும் இதே வளாகத்தில்தான்.

அங்கிருந்து பெரியமேடு அரசு கவின்கலைக் கல்லூரி பக்கம்தான். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. முன்கூட்டி அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர், தனபால் ஆகியோரும் முதல்வர்களாக இருந்தார்கள். சிவப்புச் செங்கல் கட்டடம், மரத்தடி, ஈரக் களிமண். மாணவர்கள் வேலை செய்வதை உங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும். இந்தக் கல்லூரியில் படித்த ஆதிமூலத்தின் கோடுகளும் எழுத்துருவங்களும் நம் தமிழ்ப் பத்திரிகைகளின் முகத்தையே மாற்றின. ஓவியம் படித்தால் என்ன செய்வாய் என்று கேட்கிற பெற்றோருக்கு அவரைச் சொல்லுங்கள்.

மாலையில் மெரினா. ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இல் நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். அதைச் சுற்றி வந்து பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்றால்தான் எடை எந்தக் காலில் இறங்குகிறது, முதுகுத் தசை எப்படி முறுக்குகிறது என்று தெரியும். 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய ஊரின் கடற்கரையில் அந்தச் சிலை நிற்பது எனக்குப் பெருமை. கொஞ்சம் தெற்கே நடந்தால் கோலூன்றி நடக்கும் காந்தி சிலை, அதுவும் அவர் கைவேலைதான்.

இரண்டாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியது. ஓவியம் வரைந்து வயிறு வளர்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசில் கடலோர மணல் நிலத்தை வாங்கினார்கள். வயிற்றுக்கு ஒரு வேலை, மனதுக்கு ஒரு வேலை, இரண்டையும் ஒரே கையால். பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களைப் பாருங்கள். கோயில் கவசம் அடிக்கிற அதே முறை, அதில் புதிய முகம். நேரம் இருந்தால் மேலும் தெற்கே தட்சிணசித்ரா. தென்னாட்டு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் துரைப்பாக்கம் கண்ணகி நகருக்கும் போங்கள். நகரின் பல குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியேற்றிய இடம். 2020இல் அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியர்கள் பெரிய பெரிய முகங்களை வரைந்தார்கள். அருங்காட்சியகத்துக்கு வர முடியாதவர்களின் வாசலுக்கே ஓவியம் போயிருக்கிறது. ஆனால் அது மக்கள் குடியிருக்கும் இடம். கேட்காமல் வீட்டு வாசலைப் படம் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.


கேள்வி: மகள் பரதநாட்டியம் கற்கிறாள். கலாக்ஷேத்ராவைத் தவிர அவளுக்குக் காட்ட வேண்டிய இடம் எது?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

கலாக்ஷேத்ராவை முதலில் நன்றாகக் காட்டுங்கள், பிறகு மற்றது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அடையாறில் தொடங்கி, 1962இல் திருவான்மியூருக்குக் கொண்டுபோன பள்ளி. மரத்தடி வகுப்பும், கேரளத்துக் கோயில்களின் நாடக அரங்கான கூத்தம்பலம் போலக் கட்டிய அரங்கும் பார்க்க வேண்டியவை. தட்டுக்கழியின் ஓசை நாலு பக்கமிருந்தும் வரும். தறியில் புடவை நெய்யும் பகுதியையும் காட்டுங்கள். மேடையில் உடுத்துவதும் கலைதான் என்று அந்த அம்மா நினைத்திருக்கிறார்.

அதோடு நிறுத்திவிட்டால் உங்கள் மகளுக்குப் பாதிக் கதைதான் தெரியும். பரதம் அதற்கு முன்னே இசை வேளாளர் குடும்பத்துப் பெண்களிடமும், ஆட்டம் சொல்லிக்கொடுத்த நட்டுவனார்களிடமும் இருந்தது. கோயிலில் ஆடிய பெண்களைச் சமூகம் தூற்றிய காலத்தில், 1931இல் கல்யாணியின் மகள்களான ராஜலக்ஷ்மியும் ஜீவரத்தினமும் மியூசிக் அகாடமிக்காக ஆடினார்கள். அகாடமியின் அந்தத் துணிவுக்குப் பின்னால் வக்கீலும் நாட்டிய ஆர்வலருமான ஈ. கிருஷ்ணய்யர் இருந்தார். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர், 1953இல் அகாடமியிலேயே நடனப் பள்ளி தொடங்கிப் பாடம் சொன்னார். 1973இல் அவருக்கு அகாடமியின் உயர்ந்த விருதான சங்கீத கலாநிதி கிடைத்தது. ஆகவே டி.டி.கே. சாலையில் அகாடமி வாசலில் மகளை நிறுத்தி, அந்தப் பெண்களின் பெயர்களைச் சொல்லுங்கள். தி.நகரில் மகாராஜபுரம் சந்தானம் சாலையில் உள்ள கிருஷ்ண கான சபாவில் டிசம்பரில் நாட்டியக் கலை மாநாடு நடக்கும். பெரிய கலைஞர்கள் செய்துகாட்டி விளக்குவார்கள், அவளுக்கு மிகவும் பயன்படும்.


கேள்வி: கோடம்பாக்கத்தில் பழைய சினிமா இசையின் அடையாளம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?
– ஒரு வாசகர், ஈரோடு

குறைவுதான். ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஓட்டல் வந்துவிட்டது, பாலத்தின் பெயரில் மட்டும் ஜெமினி வாழ்கிறது. விஜயா வாகினி ஸ்டுடியோ இருந்த வடபழனியில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும். ஆற்காடு சாலையில் ஏவி.எம். உருண்டை இன்னும் சுற்றுகிற இடம் உண்டு. 1945இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2023இல் பழைய கார்களும் கருவிகளும் வைத்து ஓர் அருங்காட்சியகம் திறந்தது. சாலிகிராமம் பக்கம் பிரசாத் ஸ்டுடியோவில் பல பத்தாண்டுகள் இளையராஜாவின் ஒலிப்பதிவு நடந்தது. கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரகுமானின் பஞ்சதன் இருக்கிறது. எதற்குள்ளும் சும்மா நுழைய முடியாது.

நான் சொல்ல விரும்புவது கட்டடத்தைப் பற்றி அல்ல. பல தடப் பதிவு வருவதற்கு முன் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து. வயலின் வரிசையில் உட்கார்ந்தவர், தபேலாக்காரர், புல்லாங்குழல்காரர் எல்லாரும் வடபழனி, சாலிகிராமம், மயிலாப்பூர், ராயப்பேட்டைத் தெருக்களில் குடியிருந்தார்கள். கால்ஷீட் முடிந்து பேருந்தில் வீடு திரும்பினார்கள். நமக்குப் பாட்டு மனப்பாடம், அதில் குழல் வாசித்தவர் பெயர் தெரியாது. அவர்களில் வயதானவர்கள் இன்னும் அந்தப் பகுதிகளில் இருக்கிறார்கள். யாரையாவது தெரிந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். இதை நான் வேண்டுகோளாகவே சொல்கிறேன்.


கேள்வி: எங்கள் ஊர் டி.எம்.எஸ். பெயரில் சென்னையில் ஏதாவது உண்டா?
– ஒரு ரசிகர், மதுரை

உண்டு. அவர் வாழ்ந்த மந்தைவெளியில் மேற்கு வட்டச் சாலைக்கு 2023இல் டி.எம். சௌந்தரராஜன் சாலை என்று பெயர் வைத்தார்கள். நான் காய்கறி வாங்கப் போகிற வழி அது. அருகே மயிலாப்பூரில் முன்பு ஆலிவர் சாலையாக இருந்தது முசிறி சுப்பிரமணியம் சாலை ஆகியிருக்கிறது. பெயர்ப் பலகையோடு ‘இவர் பாடகர், இந்த ஆண்டு பிறந்தார்’ என்று இரண்டு வரி சேர்த்தால் பள்ளிப் பிள்ளைகளும் தெரிந்துகொள்வார்கள்.


கேள்வி: தமிழிசைச் சங்கம் தொடங்கியபோது பெரிய சண்டை நடந்தது என்கிறார்களே, எதற்காக?
– ஒரு வாசகி, காரைக்குடி

கச்சேரிகளில் தெலுங்கும் சம்ஸ்கிருதமுமே நிறைந்திருந்தன. தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் துக்கடா, அதாவது சிறு உருப்படி, என்ற இடம். தமிழர் ஊரில் தமிழில் பாடுங்கள் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இயக்கத்தை முன்னெடுத்தார், கல்கியும் ராஜாஜியும் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரும் துணை நின்றார்கள். இசைக்கு மொழி முக்கியமில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 1943இல் சங்கம் பிறந்தது. தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் முழுக் கச்சேரியும் தமிழில் பாடிக் காட்டியபோது வாதம் தானாகவே பலம் இழந்தது. தேவாரத்தின் பழைய ராகங்களான பண்களைப் பற்றிச் சங்கம் ஆண்டுதோறும் நடத்திய பண் ஆராய்ச்சிதான் என் பார்வையில் அதன் மிகப் பெரிய கொடை. ஓதுவார்களை மேடையில் அறிஞர்களோடு சமமாக உட்காரவைத்துப் பாடச் சொல்லிக் கேட்டார்கள்.


கேள்வி: பழைய அரங்குகள் ஒவ்வொன்றாக அழிகின்றனவே, வருத்தமாக இல்லையா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

மிகவும் வருத்தம்தான். ஆர்மீனியன் தெருவில் அன்னி பெசன்ட் கட்டிய கோகலே ஹாலை நினைத்தாலே மனம் கனக்கிறது. தன்னாட்சி இயக்கப் பேச்சும் கச்சேரியும் ஒலித்த கூடம், பாதி இடிந்து நின்றதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தனம்மாள் வீட்டுத் தெருவில் ஒரு கல்வெட்டுக்கூட என் கண்ணில் பட்டதில்லை.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜார்ஜ் டவுனில் இசையோடு தொடர்புள்ள வாசல்களில் சிறு பலகை வைக்கலாம்: பந்தர் தெருவில் தியாகராஜருக்கு ஒன்று, ராமகிருஷ்ண செட்டித் தெருவில் தனம்மாளுக்கு ஒன்று, வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடைக்கு ஒன்று. பெரிய செலவு கிடையாது. வியாசர்பாடியில் கானா பாடி மறைந்தவர்களுக்கும் வைக்க வேண்டும். உங்கள் பகுதி மாமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். நானும் என் பகுதியில் கொடுத்திருக்கிறேன்.


கேள்வி: எட்டு வயதுப் பையனை முதல் கச்சேரிக்கு எங்கே அழைத்துப்போகலாம்? அவன் பத்து நிமிடம்கூட உட்கார மாட்டான்.
– ஒரு தந்தை, வேளச்சேரி

குளிரூட்டிய அரங்குக்கு வேண்டாம். பங்குனி உற்சவத்தின்போது கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிக்கு அழைத்துப் போங்கள். சுவாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசையை வாசிப்பார்கள், கம்பீரநாட்டை ராகம். தவிலுக்குப் பக்கத்திலேயே அவனை நிறுத்துங்கள். உட்கார வேண்டிய அவசியமே இல்லை, சுவாமியோடு நடந்தால் போதும். அது பிடித்துவிட்டால் அடுத்தது லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா. அங்கே குழந்தைகளே மைக் இல்லாமல் பாடும் கச்சேரிகள் நடப்பதுண்டு. இரண்டு பாட்டு கேட்டதும் விளையாட ஓடினால் விட்டுவிடுங்கள், பூங்காவில் பாட்டு பின்னாலேயே வரும். வேளச்சேரியிலிருந்து திருமயிலைக்கு ரயில் இருக்கிறது, ஜன்னலோரம் உட்காரவையுங்கள்.